சாக்கடையைக் காப்பாற்றச் சொல்லி ஒரு மனு

ஆகஸ்ட் 4

சாலைப் பிரிவு உதவிப் பொறியாளர் அவர்களுக்கு, பள்ளிக்கூடத்துப் பின்சந்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவள் எழுதுவது.

ஐயா,

பள்ளிக்கூடத்தின் முன்வாசலுக்கு எதிரே தாங்கள் போட்டுக் கொடுத்த வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டு பக்கமும் வேகத்தடை. ஒரு மஞ்சள் பலகை. பலகையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கைகோர்த்துச் சாலையைக் கடக்கிற படம். அந்த இடத்தில் சாலையைக் கடக்கிற பிள்ளைகள் அவர்கள் இரண்டு பேர்தான். வேறு யாரும் இல்லை.

ஏனென்றால் முன்வாசல் பூட்டியிருக்கிறது. திறப்பு விழாவன்று திறந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சாயங்காலமே பூட்டிவிட்டார்கள். முந்நூற்று நாற்பது பிள்ளைகளும் பின்வாசல் வழியாகத்தான் போகிறார்கள். எங்கள் குடிசைகளும் வரிசை வீடுகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பின்வாசலுக்குப் போக ஒரே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்தான் மறுமுனையில் லாரி நிறுத்துகிற செட்டுக்காரரின் லாரிகளும் போகின்றன. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சம் இருக்கும். லாரி வரும்போது பிள்ளைகள் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறார்கள். சைக்கிளில் வருகிற பிள்ளைகள் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். வாரத்துக்கு நான்கு ஹேண்டில்பாராவது கோணிக்கொண்டு என் கடைக்கு வருகிறது. லாரியின் கண்ணாடி இடித்தால் எந்தப் பக்கம் கோணும், பிள்ளை தானாக விழுந்தால் எந்தப் பக்கம் கோணும் என்று எனக்குத் தெரியும்.

இதற்குமேல் 'தாங்கள்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

தம்பி, நீ அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் படித்தவன். நீ படிக்கும்போதும் முன்வாசல் பூட்டித்தான் இருந்தது. ஒரு நாளாவது அந்த வழியாக உள்ளே போயிருக்கிறாயா? வேறு எவனாவது தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். நீ தெரிந்தே செய்திருக்கிறாய். அதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

விழாவில் உன்னைக் கூப்பிட்டு இதைத்தான் கேட்க வந்தேன். "டேய் தம்பி"ன்னு கூப்பிட்டதும் உன் பெரிய பொறியாளர், "யாருப்பா அந்தம்மா?" என்று கேட்டார். "ஏரியாக்காரங்க சார், ஏதோ கோரிக்கை" என்றாய். நல்ல பதில். அன்றைக்கே உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏரியாக்காரி கோரிக்கை எழுதினால் பதினைந்து நாளில் பதில் தரவேண்டுமாமே? உங்கள் தபால் பிரிவில் முத்திரை குத்தி நம்பர் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

என் மகள் இந்த வருடம் ஏழாம் வகுப்பு. தினமும் அந்தச் சந்தில் சைக்கிளில் போகிறாள். அவளை நீ வாலு என்று கூப்பிடுவாயே, ஞாபகம் இருக்கிறதா?

இப்படிக்கு,
ஏரியாக்காரி

---

ஆகஸ்ட் 17

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள வழி சாலைப் பதிவேட்டில் இல்லை. எனவே இப்பிரிவின் மூலம் மேல் நடவடிக்கை எடுக்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது.

அக்கா, மேலே இருப்பது ஆபீசுக்கு. கீழே இருப்பது உனக்கு.

நீ பஞ்சர் ஒட்டுவது மாதிரி, ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறாய். சாலை வேலை அப்படி நடப்பதில்லை. அந்தச் சந்து சாலையே இல்லை. எங்கள் பதிவேட்டில் அது 'மூடிய கழிவுநீர் வாய்க்கால்'. சாக்கடையை வெட்டி, மேலே சிலாப் போட்டு மூடினார்கள். ஜனங்கள் அதன்மேல் நடக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். சாக்கடைமேல் நான் வேகத்தடை போடமுடியாது, பலகை நடமுடியாது, கோடும் போடமுடியாது. அது சாக்கடைப் பிரிவின் சொத்து.

பத்து பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் பாதுகாப்பாக நடந்துபோக வழி செய்யவேண்டும் என்று திட்டம் வந்தது. தேதிக்குள் முடித்துப் படத்தோடு அறிக்கை கொடுக்கவேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் பதிவேட்டில் இருக்கிற சாலை முன்வாசல் சாலை ஒன்றுதான். அங்கே போடாவிட்டால் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. ஒன்றுமில்லாததற்கு அதாவது இருக்கட்டுமே என்று போட்டேன். இதைப் புரிந்துகொள்ள அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், அது உனக்கு எப்போதும் கிடையாது.

விழாவில் நீ கிரீஸ் கையோடு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நூறு பேர் பார்த்தார்கள். அதையும் எழுதியிருக்கலாம்.

இனிமேல் ஆபீசுக்கு எழுதாதே. உன் கடிதத்தைத் தபால் பிரிவில் பிரித்து, 'டேய் தம்பி' வரைக்கும் உரக்கப் படித்திருக்கிறார்கள். மூன்று நாளாக எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டு விலாசத்துக்கு எழுது.

தம்பி

---

ஆகஸ்ட் 21

தம்பி,

உன் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். உன் மானம் பெரியது, அது தபால் பிரிவில் கெட்டுப்போகக் கூடாது.

என் கடை சாக்கடைமேல் இருக்கிறது, என் வீட்டு வாசல் சாக்கடைமேல் இருக்கிறது, என் பெண் சாக்கடைமேல் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று இத்தனை வருடத்துக்கு அப்புறம் தெரியப்படுத்தியதற்கு ரொம்ப நன்றி. நீயும் அங்கேதான் பிறந்து வளர்ந்தாய். பதிவேட்டில் உன்னை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல். முன்வாசலில் அதாவது இருக்கட்டுமே என்று போட்டாயாம். பசிக்கிறவனுக்குச் சோறு கிடைக்காவிட்டால் அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இலை போட்டுவிட்டு வருவாய் போலிருக்கிறது.

சொல்ல வந்தது இதில்லை. நேற்றுக் காலை எட்டரை மணிக்குப் பால்காரர் மகளை லாரி இடித்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பெண். லாரி பின்பக்கமாக வந்தது, அவள் சுவரோடு ஒதுங்கினாள், ஒதுங்க இடம் போதவில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. டிரைவர் இறங்கி ஓடிவந்து அவளைத் தூக்கியவர், என் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "பின்னாடி ஒண்ணுமே தெரியலக்கா, கண்ணாடியில சுவருதான் தெரியுது" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. லாரி செட்டுக்குப் பெரிய ரோட்டுப் பக்கம் அகலமாக ஒரு கேட் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுச் செட்டுக்காரர் எல்லா லாரியையும் இந்தச் சந்துக்குள் அனுப்புகிறார். அவருக்கு மிச்சமாகிறது கால் மணி நேரம்.

அவளுடைய சைக்கிள் என் கடையில் கிடக்கிறது. முன் ஃபோர்க் மடங்கி, சக்கரம் எட்டு போட்டிருக்கிறது. அதை நிமிர்த்த எனக்கு மனசு வரவில்லை.

"படிச்சது போதும்" என்றுவிட்டார் பால்காரர். அந்த வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். பையன்களை மட்டும் அனுப்புகிறார்கள். பையன்களின் எலும்பு இரும்பு என்று நினைப்பு. உன் அத்தானும் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இந்த மாசம் பாப்பேன். அப்புறம் நம்ம புள்ளயும் வீட்லதான்" என்றார். அவர் சொன்னால் செய்வார். விடிவதற்கு முன்பே பேக்கரி வேலைக்குப் போகிற மனிதர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எனக்கு ஏழு மணிக்கே கடை வாசலில் காற்றடிக்க இருபது சைக்கிள் நிற்கும். நான் கூடப் போனாலும்தான் என்ன? ஒரு முழத்தில் இரண்டு பேர் எப்படி ஒதுங்குவது?

உன் பதிவேட்டில் சாக்கடைக்கு எலும்பு முறியுமா என்று பார்த்துச் சொல்.

அக்கா

---

செப்டம்பர் 1

அக்கா,

வியாழக்கிழமை காலையில் வந்திருந்தேன். சந்தின் மறுமுனையில், செட்டுச் சுவரோரம் நின்றேன். நீ கடையில் குனிந்து ஒரு டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிடவில்லை.

ஏழரையிலிருந்து எட்டே முக்கால் வரை நின்றேன். பதினொரு லாரி. வாலுவையும் பார்த்தேன். எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டாள்! லாரி வந்ததும் அவள் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, தானும் சாய்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். லாரி தாண்டியதும் கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மிதித்துக்கொண்டு போனாள். தினமும் செய்கிற காரியத்தை மனிதர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தாள். இதை நீ எழுதியபோது நான் நம்பவில்லை என்று இல்லை. படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அவள் போனதற்கு அப்புறம் கீழே பார்த்தேன். சிலாப்கள் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கின்றன. அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

கவனமாகப் படி. சந்தைச் சாலையாக்கச் சொல்லி நீ கேட்காதே. சாலை என்று ஆகிவிட்டால் லாரிக்கு அதில் போகிற உரிமை வந்துவிடும். சாக்கடையாகவே இருக்கட்டும். மூடிய வாய்க்காலின்மேல் கனரக வண்டி போகக்கூடாது என்று சாக்கடைப் பிரிவில் விதி இருக்கிறது. சிலாப் உடைகிறது என்று புகார் வந்தால் அவர்களே வந்து பார்த்து, இரண்டு முனையிலும் குட்டைத் தூண் நட்டுவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சைக்கிளும் ஆளும் போகலாம், லாரி போகமுடியாது. நடுத்தூணை மட்டும் கழற்றுகிற மாதிரி வைப்பார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மனுவில் சாக்கடையைப் பற்றி மட்டும் எழுது. எத்தனை மூடி உடைந்திருக்கிறது, நாற்றம், கொசு. பிள்ளை, பள்ளிக்கூடம், சைக்கிள், விபத்து இந்த நான்கு சொல்லும் ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. வந்தால் தபால் பிரிவில் அதைச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழு வருடத்துக்கு இரண்டு தரம் கூடும். போன தரம் கூடி, டீ குடித்து, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் கலைந்தார்கள்.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். பிடிக்க வேண்டாம், எழுது.

தம்பி

---

செப்டம்பர் 4

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது, இரண்டாம் தரம் காறித் துப்பலாம் போல இருந்தது.

ஒரு பெண் கால் ஒடிந்து படுத்திருக்கிறாள். அதற்கு உங்களிடம் விதி இல்லை. சாக்கடை மூடி விரிசல் விட்டால் ஓடிவர ஒரு பிரிவு, ஒரு அதிகாரி, ஒரு விதி எல்லாம் இருக்கிறது. படித்து, பரீட்சை எழுதி, பேனா பிடித்துக்கொண்டு இதையா ஆபீஸ் என்று நடத்துகிறீர்கள்? என் கடையில் பிரேக் இல்லாத சைக்கிளுக்கு மணி மட்டும் மாட்டிக்கொடுத்தால் அன்றைக்கே கடையை உடைத்திருப்பார்கள்.

இருந்தாலும் எழுதுகிறேன். உன் அத்தான் சொன்ன மாசம் முடிந்துவிட்டது. "மனு போகுது, இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க" என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

நீ வியாழக்கிழமை வந்ததை நான் பார்த்தேன். ஒரு டியூப்பில் குமிழி வருகிறதா என்று ஒன்றேகால் மணி நேரம் யாரடா பார்ப்பார்கள்?

அக்கா

---

செப்டம்பர் 19

அக்கா,

நீ கெடுத்துவிட்டாய். நன்றாக ஆரம்பித்து, மூடி, நாற்றம், கொசு எல்லாம் ஒழுங்காக எழுதி, முப்பத்தெட்டுக் கையெழுத்தும் வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: 'இந்த மூடிகளின்மேல்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது.'

நான்கு சொல் சொன்னேன். அதில் இரண்டை எழுதிவிட்டு, கால் முறிந்ததையும் சேர்த்திருக்கிறாய். தபால் பிரிவுக்காரர் சிவப்புப் பென்சிலால் அந்த வரியைக் கோடிட்டு, மேல் ஓரத்தில் 'சாலைப் பாதுகாப்புக் குழு' என்று எழுதிவிட்டார். கோப்பு அங்கே போய்விட்டது. அடுத்த கூட்டம் ஜனவரியில்.

இத்தனை வருடம் உனக்கு வாயைத்தான் அடக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கையும் அப்படித்தானா? ஒரு வரி, ஒரே ஒரு வரியை எழுதாமல் இருக்க உன்னால் முடியவில்லை. எங்கள் ஆபீசைப் பார்த்துத் துப்பத் தெரிகிறது, அதை ஏமாற்ற மட்டும் தெரியாது. நேர்மையாக எழுதிவிட்டோம் என்ற பெருமை உனக்கு இருக்கும். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு வாலுவை வீட்டில் உட்கார வை.

தம்பி

---

செப்டம்பர் 24

தம்பி,

உட்கார வைத்தாயிற்று. உன் கடிதம் வருவதற்கு முன்பே. திங்கட்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. உங்கள் தபால் பிரிவில் நானே போய்க் கேட்டேன், ஜனவரி என்றார்கள். அதைக் கேட்டதும் உன் அத்தான் எழுந்து போய் அவள் சைக்கிளை எடுத்து உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டார். மூன்று பழைய சைக்கிளிலிருந்து எடுத்து நான் கோத்துக் கொடுத்த சைக்கிள் அது. அதன் கீழே உட்கார்ந்து அவள் எனக்குச் சக்கரத்துப் பால்ஸ் உருண்டைகளைத் துடைத்துக் கொடுக்கிறாள். யாராவது பிள்ளை காற்றடிக்க வந்தால் உள்ளே எழுந்து போய்விடுகிறாள். அப்பாவிடம் பேசுகிறாள். என்னிடம்தான் பேசமாட்டேன் என்கிறாள். மனு எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வரியை ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். கையெழுத்துக்குப் பால்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் பெண் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாள். அவர் மனுவைப் படித்துவிட்டு, "எம் பொண்ணு கால் போயிருக்கு. நீ சாக்கடை மூடி ஒடஞ்சதுக்குக் கையெழுத்துக் கேக்கறியா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வேன்? அங்கேயே, அவர் கண் முன்னாலேயே அந்த வரியை எழுதினேன். பெருமைக்காக எழுதவில்லை. வெட்கத்தில் எழுதினேன்.

தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள், இதை நான் உனக்கு எழுதுவது இதுதான் முதலும் கடைசியும்.

புது மனு இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துத் தப்பிருந்தால் அடித்துவிடு.

'மூடிய வாய்க்காலின் சிலாப்களில் பதினேழு உடைந்துள்ளன. ஐந்து உள்வாங்கியுள்ளன. கனமான வண்டிகள் ஓயாமல் செல்வதால் மற்றவையும் நாசமாகும் நிலையில் உள்ளன. வாய்க்காலின் நன்மையை முன்னிட்டுத் தக்க பாதுகாப்புச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

மூடிகளை எண்ணியது வாலு. குச்சியை வைத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்து எண்ணினாள். அவ்வளவு தூரமாவது என் கூட வந்தாளே என்று இருந்தது. வாய்க்காலின் நன்மை என்று, பேசாமலே பேனாவைப் பிடுங்கி எழுதியதும் அவள்தான். உன்னை மாதிரி எழுதுகிறாள், பாவம்.

பால்காரர் இந்தத் தரம் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இவனுங்களுக்கு இதுதான் புரியும்னா இத எழுது" என்றார்.

அக்கா

---

அக்டோபர் 22

அக்கா,

மனுவில் ஒரு சொல்லைக்கூட நான் அடிக்கவில்லை. நேராகச் சாக்கடைப் பிரிவுக்குப் போய்விட்டது.

அங்கே இருக்கிற அதிகாரி இரண்டு வாரத்தில் வந்து பார்த்தார் என்று உனக்கே தெரியும். நானும் கூட இருந்தேன், உன் கண்ணில் படாத முனையில். காலை எட்டு மணி. அவரைச் சுற்றிப் பிள்ளைகள் சுவரில் ஒட்டி ஒட்டிப் போகிறார்கள். மனிதர் தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டுமே! முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சிலாப்பாகத் தடவிக் கொடுக்கிறார். "எவ்ளோ நல்ல சிலாப் சார், பாவிங்க இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று கண் கலங்கிவிட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றியது. அப்புறம், நான் அங்கே படித்துவிட்டும் முன்வாசலில் கோடு போட்டவன், இந்த ஆளைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று தோன்றியது. அவராவது தன் வேலையை நேசிக்கிறார்.

தூண் நட உத்தரவு போட்டார். மறுநாளே செட்டுக்காரர் எங்கள் பெரிய பொறியாளரைப் பார்க்க வந்துவிட்டார். "அது சாக்கடை இல்ல சார், ரோடு. எத்தன வருஷமா வண்டி போகுது" என்கிறார். அந்தச் சந்தை ரோடு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பெரிய பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வரி எழுதிக் குடுப்பா, அது ரோடுதான்னு. உனக்கென்ன போச்சு?" என்றார்.

எழுத மறுத்துவிட்டேன். "பதிவேட்டுல இல்லாதத எப்படி சார் எழுதறது?" என்றேன். விதியைக் காட்டி ஒரு நல்ல காரியம் நான் செய்தது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது. இப்போது நகரத்து எல்லையில் இருக்கிற பண்டகசாலையில் இருக்கிறேன். தார் டின்னும் உடைந்த விளக்குக் கம்பமும்தான் எனக்குக் கூட்டாளி. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது, இனி இருக்காது. என் வீட்டுக்காரிக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளா?" என்று கேட்டாள்.

அக்கா, விழாவில் உன்னை ஏரியாக்காரங்க என்று சொன்னேன். கிரீஸ் கை, சட்டை என்று நான் எழுதியதெல்லாம் சப்பைக்கட்டு. நீ வந்து கூப்பிட்டதும், பூட்டின கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டு நான் செய்துவைத்திருக்கிற காரியம் எனக்கே தெரிந்துவிட்டது. உன்னை அக்கா என்று சொல்லியிருந்தால், நானும் அந்தச் சந்துக்காரன் என்று ஆகியிருக்கும், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியிருக்காது. அதற்குத்தான் பயந்தேன். அசிங்கமாக இருக்கிறது.

தூண் நட்டதும் எழுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடைக்கு எதிரே நிறுத்த இடம் இருக்குமா?

தம்பி

---

நவம்பர் 5

தம்பி,

தூண் நட்டுவிட்டார்கள். இந்த முனையில் மூன்று, அந்த முனையில் மூன்று. சிமென்ட் காய்கிற வரைக்கும் பால்காரர் கையில் தடியோடு காவல் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ஒரு லாரி வந்து நின்று, ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகவே திரும்பிப் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் வருவதில்லை. செட்டுக்காரர் என் கடையைத் தாண்டி நடந்துபோகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நடக்கிறாரே, அதுவே எனக்குப் போதும்.

தூணில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 'கழிவுநீர் மூடிகளைப் பாதுகாப்போம்.' ஒரு பிள்ளை படம்கூடக் கிடையாது. நேற்று உங்கள் ஆபீசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு புத்தகம் வந்ததாம், தலைமையாசிரியை கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று நடுப்பக்கத்தில் முன்வாசலும் வெள்ளைக் கோடும். சிறந்த பாதுகாப்பு வழி என்று கேடயம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறவர் உன் பெரிய பொறியாளர். பல்லெல்லாம் தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்டேன், ரிம் துடைக்க நல்ல வழவழப்பான தாள். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்துவிட்டார்.

உன்னை மாற்றியது கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. நல்லது செய்ய இவ்வளவு திருட்டுத்தனம் வேண்டியிருக்கிறது, அதற்கும் தண்டனை கொடுக்கிறார்கள். உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆகஸ்டிலேயே கீழே குனிந்து பார்த்திருந்தால் பால்காரர் பெண்ணுக்குக் கால் முழுசாக இருந்திருக்கும். அவள் இப்போது கட்டையை ஊன்றி வாசல் வரைக்கும் வருகிறாள், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இல்லை. நானும்தான் என்ன, கோணின ஹேண்டில்பாரை எல்லாம் நிமிர்த்தி நிமிர்த்தி அதே சந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேருமே அந்த வீட்டு வாசலை இன்னும் ரொம்ப நாள் தலை குனிந்துதான் தாண்டவேண்டும்.

நிறுத்திவிட்ட மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி திரும்பப் போகிறாள். இன்னொருத்திக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள்.

வாலு போகிறாள். திங்கட்கிழமை காலையில் உன் அத்தான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தானே ஏறிக் கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கினார். பிரேக்கை மூன்று தரம் அமுக்கிப் பார்த்தார். நான் மாட்டின பிரேக்கை என் முன்னாலேயே சரியா என்று பார்க்கிறார், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் தூணுக்கு நடுவில் நுழைந்து போனாள். கண்ணைத் திறந்துகொண்டே போனாள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "அம்மா, கடையப் பாத்துக்கோ" என்று கத்தினாள். நாற்பது நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் அழுதுவிட்டேன். போதுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை வா, உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. கார் உள்ளே வராது, வெளியே நிறுத்திவிட்டு நடந்து வா. பயப்படாதே, இங்கே இனி யாரும் உன்னை இடிக்கமாட்டார்கள்.

அக்கா